அங்கமுத்து மாமாவின் கண்ணாடி ரூம்

மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்மேல் ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கட்டிலில் எங்கள் அங்கமுத்து மாமாவைப் படுக்க வைத்தால் என்ன நடக்கும்? கட்டில் பவானியைத் தாண்டும், ஈரோட்டைத் தாண்டும், எங்கள் ஜேடர்பாளையம் தடுப்பணையில் ஒரு குட்டிக்கரணம் போடும், மோகனூர், முசிறி எல்லாம் கடந்து கல்லணையில் போய் முட்டி நிற்கும். அதுவரைக்கும் மாமா கண்ணைத் திறந்திருக்க மாட்டார். அங்கே யாராவது தோளைத் தட்டி எழுப்பினால் புரண்டு படுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“எத்தன அடி?”

தூக்கத்தில் இவரை மிஞ்ச இந்தியாவில் ஆள் கிடையாது. வெளிநாட்டில் இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டும், பக்கத்தில் ஒரு கட்டில் போடுகிறோம்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான் வேலி. வேலை போர்வெல் ரிக் வண்டியில், லீவர் பிடித்துக் குழி துளைக்கிற டிரில்லர். குழி எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே கேள்வி. அதனால்தான் தூக்கத்திலும் அது வருகிறது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படுகிற அந்த வண்டி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டு, அங்கே மழை பிடித்ததும் ஊர் திரும்பும். மாமா ஆடிப் பெருக்கு முடிந்து வருவார். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்ததும் மறுபடி ஏறிவிடுவார். நடுவில் ஊரில் இருக்கிற நாட்களில் அவர் செய்கிற ஒரே வேலை தூக்கம்.

அதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியில் அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட். லீவர் பிடிக்கிறவன் கண் அசந்தால் துளைக்கிற இரும்பு ராடு குழிக்குள் விழுந்துவிடும். ராடு மாட்டுகிற ஆளின் விரலும் போகும். மாமாவோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்றைக்கும் டீ கிளாசை இடது கையில்தான் பிடிக்கிறார்.

“ஊர்ல தூங்குனாத்தே மாப்ள அங்க முழிச்சிருக்க முடியும்” என்பார் மாமா. “நானென்ன தூங்கறனா? சார்ஜ் ஏத்தறேன்.”

அப்படி அவர் சார்ஜ் ஏற்றுகிற இடம் வீட்டின் முன்வாசல். சிமென்ட் தரை, மேலே தகர சீட், சீட்டைத் தாங்கப் போர்க்குழிக்குள் இறக்குகிற பழைய கேசிங் பைப்பில் நான்கு கால். பின்னால் வீட்டுச் சுவர், மற்ற மூன்று பக்கமும் திறந்தவெளி. முன்னால் ரோடு, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் எங்கள் முருங்கை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் சாய்ந்தால் சாயங்காலம் பொழுதோடுதான் எழுவார். ரோட்டில் கோழித்தீவன லாரி போகும், முட்டை வேன் போகும், கரும்பு டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும். மாமா அசைய மாட்டார். ஒருமுறை அவர் மார்பின்மேல் ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்து விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குஞ்சும் தூங்கிவிட்டது.

பதினேழு வயதில் இந்த வேலைக்குப் போனாராம். எங்கள் தாத்தா காட்டில் போர் போட வந்த வண்டி அது. தண்ணீர் வரவில்லை, பாறைத் தூள்தான் புகையாக வந்தது. வண்டி திரும்பிப் போகும்போது மாமாவும் அதில் ஏறிப் போய்விட்டார். முதல் மாதம் வண்டியில் காற்றடிக்கிற கம்ப்ரஷர் சத்தத்தில் தூக்கமே வரவில்லையாம். கம்ப்ரஷர் ஓடுகிற இடத்தில் நாம் நின்றால் நம் பெயரே நமக்கு மறந்து போகும், அவ்வளவு இரைச்சல். இரண்டாவது மாதம் அதன் பக்கத்திலேயே தார்ப்பாயை விரித்துத் தூங்கிவிட்டார். அதன்பிறகு அவரை எந்தச் சத்தமும் எழுப்பியதில்லை.

கல்யாணத்தன்று மேடையிலேயே தூங்கினார். பொண்ணு மல்லசமுத்திரத்துக் கலைமணி அத்தை. சீர் எல்லாம் செய்து முடிக்க நேரம் ஆகுமல்லவா, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். காதுக்குப் பக்கத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறது, ஆள் அசையவில்லை. அத்தை அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளியிருக்கிறார். மாமா திடுக்கிட்டு நிமிர்ந்து, மண்டபத்தில் அத்தனை சொந்தமும் உறம்பரையும் கேட்க, “எத்தன அடி?” என்றாராம். அந்தக் கேள்வியோடுதான் அத்தை குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

போன ஆனியில் ஒருநாள் மாமா வீடியோ காலில் பேசினார். நானும் அத்தை தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கோ கண்காணாத காட்டில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாமா ரிக் வண்டிக்கு அடியில் தார்ப்பாயில் படுத்திருந்தார். அவர் காதை ஒட்டிச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏசி புள்ள” என்று சிரித்தார் மாமா.

அத்தை சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு முன்வாசலில் போய் நின்றார். கட்டிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சாரல் நனைத்திருந்த தரையைப் பார்த்தார்.

“அங்கயும் வெளிய, இங்கயும் வெளிய” என்றார். “மனுசனா நாயா அவரு?”

மறுநாளே ஜீவானந்தம் வந்துவிட்டார். கொத்தனார் வேலையும் அலுமினிய வேலையும் சேர்த்துச் செய்கிறவர். முன்வாசலை மூடி அங்கமுத்து மாமாவுக்கு ஒரு ரூம். மாமாவுக்குச் சொல்லக் கூடாது, வந்து பார்த்து அசந்து போக வேண்டும், இதுதான் அத்தையின் திட்டம். சொசைட்டிக்கு எருமைப் பால் ஊற்றிச் சேர்த்த காசெல்லாம் இதற்குத்தான்.

“ரெண்டு பக்கமாச்சும் காத்து பூர்றாப்ல உடோணும்ங்க்கா” என்றார் ஜீவானந்தம்.

“காத்து பூந்தா கொசு பூரும். கொசு கடிச்சா அவரு வெளிய படுத்தாப்லதான? ஈ எறும்பு நொழையக் கூடாது ஜீவா.”

“ஈ எறும்பு நொழையாட்டி காத்தும் நொழையாதுங்களே.”

“நீ கட்டு சாமி.”

கட்டினார். ரோட்டுப் பக்கம் மேலே சீட் வரைக்கும் ஹாலோ பிளாக் சுவர், ஓரத்தில் ரப்பர் பதித்த கதவு. மற்ற இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குச் சுவர், அதற்குமேல் திறக்கவே முடியாத கண்ணாடி. தலைக்குமேல் வெள்ளை வெளேரென்று பிவிசி சீலிங். கீழே முகம் தெரிகிற டைல்ஸ். நடுவில் ஒரு புது மெத்தை, கடையில் போட்ட பிளாஸ்டிக் கவர் கழற்றாமல். கழற்றினால் அழுக்காகிவிடுமாம்.

“நல்லாருக்குதுங்க அத்தை” என்றேன். “மீன எப்ப வாங்கி உடறீங்க?”

அத்தை விளக்குமாற்றை எடுத்தார். “மாமாகிட்ட ஒரு வார்த்த மூச்சு உட்ட, உன்ற தோல உரிச்சுப்போடுவேன் அன்பரசு.”

நான் சொல்லவில்லை. இதில் மட்டும் நான் யோக்கியன்.

ஆடிப் பெருக்கு முடிந்து மாமா வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவர் பாதித் தூக்கத்தில்தான் இருப்பார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, கால் பழக்கத்தில் கட்டில் இருக்கும் இடத்துக்கு நடப்பார். அன்றும் அப்படியே நடந்து வந்து சுவரில் முட்டிக்கொண்டார். நெற்றியைத் தடவியபடி பக்கத்து வீட்டைப் பார்த்தார், எதிர்வீட்டைப் பார்த்தார். ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்று சந்தேகம்.

அத்தை உள்ளேயிருந்து கதவைத் திறந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார்.

“உள்ள வாங்க. உங்க ரூமு.”

மாமா செருப்பை வெளியே விட்டு உள்ளே போனார். சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியில் விரல் வைத்தார். மெத்தையை அமுக்கினார், அது சரசரவென்றது.

“நெம்ப நல்லாருக்குது புள்ள” என்றார். அத்தை முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மாமாவின் கண் என் பக்கம் வந்து, ‘கட்டில் எங்கடா?’ என்று கேட்டது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினேன்.

அன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை அவரை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார். ரப்பர் வைத்த கதவு, டப்பென்று சாத்திக்கொண்டது. நான் முருங்கையடியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா மல்லாந்து கிடக்கிறார், இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் புரண்டார், மெத்தை சரசர. மறுபக்கம் புரண்டார், சரசர. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

பொழுதோடு அத்தை டீயோடு போனார். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் மாமா கண்ணை இறுக்கி மூடி ஒரு குறட்டை விட்டார் பாருங்கள், கண்ணாடி அதிர்ந்தது.

“ஏனுங்க, டீ.”

“வாரேன் புள்ள” என்று எழுந்து உட்கார்ந்தார் மாமா. கொட்டாவிகூட விட்டார். என்ன நடிப்பு!

அதிலிருந்து ஊரெல்லாம் தூங்க ஆரம்பித்தார். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி தூங்கினார். பால் சொசைட்டிப் படியில் தூங்கினார். காளியப்பன் சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு தூங்கிவிட்டார். பாவம் என்று காளியப்பன் அவரை எழுப்பாமல் அடுத்த ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து முடி வெட்டினார். ஆனால் அங்கெல்லாம் எவ்வளவு நேரம் தூங்க முடியும்? கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், மாமா முகம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது.

“கண்ணாடியில ஒரு பந்து அடிக்கட்டுங்களா மாமா?” என்று கேட்டேன். “கிரிக்கெட்டுன்னு சொல்லிக்கலாம்.”

“நீ ஒடச்சா அவ வேற மாட்டுவா.” முருங்கையில் சாய்ந்துகொண்டார். “அவகிட்டச் சொல்லிப்போடாத மாப்ள. எரும கறந்த பாலு பூரா அந்தக் கண்ணாடியில நிக்குது.”

“ஆயுத பூசைக்குள்ள தூங்கலைன்னா?”

மாமா தன் வலது கை விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஆவணி பிறந்ததும் மழை பிடித்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போகிறது, சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் துவைத்த துண்டு காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது, பொரித்த அப்பளம் வாய்க்கு வருவதற்குள் நமுத்துவிடும். துணி காயவில்லை என்று அத்தை புது ரூமுக்குள் கொடி கட்டி ஈரத் துணியெல்லாம் அங்கே போட்டார். கண்ணாடி முழுவதும் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டது. முருங்கையடியிலிருந்து பார்த்தால் மாமா மங்கலாகத் தெரிந்தார்.

ஒருநாள் மத்தியானம் மெத்தையிலிருந்து இறங்கியவர் டைல்ஸில் சறுக்கினார். குனிந்து தரையைத் தடவினார். விரலில் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தார். புதுப் போரில் முதல் தண்ணீர் வந்ததும் டிரில்லர் அப்படித்தான் செய்வார்.

“நல்ல தண்ணி. உப்பில்ல” என்றார். பிறகு கத்தினார். “கல! ஓடியா! கீழ ஊத்து இருக்குது!”

அத்தை ஓடி வந்தார். “ஊட்டுக்குள்ளயா?”

“ஊட்டுக்குள்ளதே. வாய்க்காத் தண்ணி வந்ததும் தொறந்துக்கிச்சு. ஒரு தேங்கா எடு.”

போர் போடுவதற்கு இடம் பார்க்கிறவர்கள் உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார்கள். கீழே தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார்கள். மாமா ரூமின் மூலைக்கு மூலை நடந்தார். மெத்தைக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மாமாவின் கை நடுங்கியதையும் பார்த்தேன், தூங்காத கை எப்படி நடுங்காமல் இருக்கும்? ஆனால் அதை அங்கே யாரிடம் சொல்வது? எதிர்வீட்டுக் குப்பாயி அக்கா அதற்குள் மஞ்சள் குங்குமம் கொண்டுவந்து டைல்ஸில் பொட்டு வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாயிற்று.

“இப்ப என்னுங்க பண்றது?” என்றார் அத்தை.

“ஊத்து இருக்கற தரை இத்தன செவுத்துப் பாரம் தாங்காது புள்ள. செவுத்த எறக்கிப் போட்டு, கண்ணாடியக் கழட்டி, பழையபடி முன்வாசலா உட்டுரோணும். அதுதே ஊட்டுக்கு நல்லது.”

சொல்லும்போது மாமா முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் அவர் பொய் சொன்னார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இத்தனை வருடமும் தண்ணீரைக் கீழேயே தேடிய மனிதர். தண்ணீர் வேறு எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

சுவரை இறக்க மறுநாள் ஜீவானந்தம் வருவதாகச் சொன்னார். மெத்தை நனைந்துவிடக் கூடாதே என்று அத்தை அதைத் தூக்கி நிறுத்தினார். பிளாஸ்டிக் கவரை ஒருவழியாகக் கழற்றி, ஊற்று மேலே வராமல் இருக்கட்டும் என்று குங்குமம் வைத்த இடத்தை மூடி விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார்.

காலையில் ஜீவானந்தம் வந்து பார்க்கும்போது கவரின் மேலே தண்ணீர் குளமாக நின்றது. அத்தை ஒரு மூலையைத் தூக்கினார். அடியில் டைல்ஸ் காய்ந்து கிடந்தது. குப்பாயி அக்கா வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை.

அத்தை அதைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார், கொடியில் தொங்கிய ஈரத் துணியைப் பார்த்தார்.

“ஊத்து கீழ இல்லீங்க” என்றார். “ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வெளிய வேர்க்குமே, அந்த மாதிரி இந்த ரூமு உள்ள வேர்க்குது. காத்து போக வழியில்லாம அடச்சது நானு. அத்தன ஈரமும் உள்ளயே நிக்குது.”

இது ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இருந்ததாம். அந்தப் பாடம் நடந்தபோது நான் வகுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். குப்பாயி அக்கா குனிந்து, யாரும் பார்க்காத மாதிரி குங்குமத்தை முந்தானையால் துடைத்தார்.

“அப்ப செவுத்த எறக்க வேண்டாமுங்களா?” என்றார் ஜீவானந்தம்.

மாமாவின் தோள் இறங்கியது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க, நீங்க இந்த ரூமுல ஒரு நாளாச்சும் தூங்குனீங்களா?”

“தூங்கறனே. கொறட்ட கேக்கலியா?”

“நீங்க எப்பங்க கொறட்ட உட்டீங்க? கலியாணமாகி இத்தன வருசத்துல தூங்கயில உங்க மூச்சுச் சத்தங்கூட நான் கேட்டதில்ல. மொத நாளு எழுப்பயில ‘வாரேன் புள்ள’ன்னீங்க. எத்தன அடின்னு கேக்கல. அன்னிக்கே தெரியும்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் முருங்கையைப் பார்த்தேன்.

“அப்பறம் ஏம் புள்ள கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆயுத பூச வரைக்கும் இப்பிடியே நடிச்சுப்போட்டு வண்டியேறிருவீங்க போல. ராடு உழுந்து கையி கிய்யி போனா, அந்தக் கண்ணாடிய வெச்சு நான் என்ன பண்றது?”

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

“நீ ஆசையாக் கட்டுன புள்ள. நல்லாத்தே இருக்குது. கதவச் சாத்துனா மட்டும் குழிக்குள்ள எறங்குனாப்ல இருக்குது. வேலைக்கு வந்த நாளா குழிய மேல நின்னு பாத்தவன் நானு. உள்ள எறங்குனதில்ல.”

ஜீவானந்தம் அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

“ரோட்டுச் செவுரு நிக்கட்டும்” என்றார் அத்தை கடைசியில். “அந்தப் புழுதி என்ற ஊட்டுக்குள்ள வரக் கூடாது. மத்த ரெண்டு பக்கமும் கண்ணாடியக் கழட்டிப்போட்டுக் கொசுவல அடி ஜீவா.”

“மொதல்லயே சொன்னனுங்களே…”

“அடிங்கறேன்ல.”

கண்ணாடி இறங்கியது, வலை ஏறியது. வாய்க்கால் பக்கம் நுழைந்த காற்று முருங்கைப் பக்கம் வெளியேறியது. இரண்டு நாளில் டைல்ஸ் காய்ந்து, சீலிங்கில் புள்ளி புள்ளியாகப் பிடித்த கருப்பையும் அத்தை துடைத்துவிட்டார். ஈரத் துணி எருமைக் கொட்டகைக்குப் போனது. மெத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது. கயிற்றுக் கட்டில் பழைய இடத்துக்கே திரும்பியது. மாமா படுத்தார். அத்தையும் நானும் முருங்கையடியில் நின்று, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்தோம்.

தூக்கம் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை, காற்று நன்றாக வருகிறது, ஆனால் என்னமோ ஒன்று குறைகிறது என்றார் மாமா. அத்தை ரோட்டுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “இதையும் இடிச்சுப்போடலாங்க” என்றார். மாமா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். “வேண்டாம் புள்ள. அது இருக்கட்டும்” என்றார். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே போய் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ரோட்டுச் சத்தம் அமுங்கிப்போயிருந்தது. லாரி, முட்டை வேன், கரும்பு டிராக்டர் எல்லாவற்றையும் அந்தச் சுவர் வெளியே நிறுத்திவிட்டது. இரைச்சலிலேயே தூங்கிப் பழகிய மனிதரை ஒரு சர்க்கரை நோயாளிக்குப் பத்தியம் போடுகிற மாதிரி அமைதியில் போட்டு வைத்திருந்தோம்.

கபிலர்மலைப் பக்கம் என் சிநேகிதன் அறிவழகன் வீட்டுக் காட்டில் அந்த வாரம் போர் போட்டார்கள். போய், கம்ப்ரஷர் பக்கத்தில் போனில் ரெக்கார்ட் போட்டு நீட்டிப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் நின்றேன். திரும்பி வரும்போது காது ஙொய்யென்றது, முகமெல்லாம் பாறைத் தூள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரு முழக் கேசிங் பைப்பை முருங்கையடியில் நட்டு, அதற்குள் அறிவழகனின் ப்ளூடூத் ஸ்பீக்கரை இறக்கினேன். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே போனில் ஓட விடலாம். சத்தம் தூரத்துக் காட்டிலிருந்து வருகிற மாதிரி வைத்தேன். என் வாழ்க்கையில் இத்தனை சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

ஓட விட்டேன். மாமா கண் திறந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வலது கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது. குறட்டை இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பொழுதோடு அத்தை டீ கொண்டுபோய்த் தோளைத் தட்டினார். மாமா புரண்டு படுத்தார்.

“எத்தன அடி?”

அத்தை முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “ஆயிரம் அடிங்க. தண்ணி வந்துருச்சு. எந்திரிங்க.”

அதன்பிறகு தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்ரஷர் ஓடியது. தினமும் மாமா தூங்கினார். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போனது, கன்னம் பழையபடி உப்பியது. ஸ்பீக்கரும் லேசுப்பட்டதில்லை, சார்ஜே இறங்கவில்லை.

“எங்கடா அந்தச் சத்தம்?” என்று அத்தை ஒருநாள் கேட்டார்.

“கொடிக்கால்ல யாரோ போர் போடறாங்க அத்தை.”

“இன்னுமா தண்ணி வரல?”

“பாறைங்க.”

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாமா பையை எடுத்து வைத்துவிட்டு முருங்கையடிக்கு வந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கேசிங் பைப்பின்மேல் கையை ஊன்றி நின்றுகொண்டார்.

“கொடிக்கால் போரு என்னாச்சு மாப்ள?”

“ஓடிட்டுத்தான் இருக்குதுங்க மாமா. நெம்பப் பாறை.”

“ஆமாமா. தெனமும் அதே எடத்துல ராடு சிக்குது. சிக்குன ஒடனே ஒருத்தன், ‘டேய் அன்பரசு, போனத் தூக்கிட்டு ஓரமாப் போடா’ன்னு கத்தறான். உன்ற பேருல கொடிக்கால்ல வேற யாரு இருக்கறா?”

நான் காலால் மண்ணைக் கிளறினேன். அப்படிக் கத்தின அறிவழகனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம்.

“முருங்கக்காய் நல்லாக் காச்சிருக்குதுங்க மாமா” என்றேன்.

“காச்சிருக்குது, காச்சிருக்குது.” மாமா பைப்புக்குள் எட்டிப் பார்த்தார். “உள்ள எறும்பு ஏறுது. மேல ஒரு தேங்காச் செரட்டயப் போட்டு மூடி வை. அப்பறம், அது ரெண்டு தடவ பாதியில நின்னு போச்சு மாப்ள. நாந்தே எடுத்துட்டுப் போயி சார்ஜ் ஏத்தி வெச்சேன்.”